கை சொன்ன எடை

...இல்லை, இது வேண்டாம், கல் மாதிரி இருக்கிறது, அதற்கு அடுத்தது, அதுவும் காய், இதோ இந்தப் பழுத்தது போதும், தொட்டால் விரல் பதிகிறது, நூற்றுப் பத்து கிராம், இது தொண்ணூறு, கூடையில் போடு... என்று போட்டுக்கொண்டே வந்தவள் ஆறாவது தக்காளியில் கையை நிறுத்தினாள். இன்றைக்கு இப்படி வாங்கக்கூடாது என்று வீட்டைப் பூட்டும்போதே முடிவு செய்துகொண்டல்லவா வந்தாள்? கட்டிய மனுஷன் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உலகத்துப் பெண்களெல்லாம் கெட்டித் தக்காளிக்கு அடித்துக்கொள்ளும்போது, இவள் ஒருத்தி மட்டும் முப்பத்து நான்கு வருஷமாகக் குழைந்ததாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பழுத்த தக்காளி நெற்றியில் பட்டால் உடைந்து வழியும், அவ்வளவுதான், முகத்தைக் கழுவினால் போயிற்று, துணியை ஊறப்போட்டால் போயிற்று. காய் அப்படியில்லை. நூற்றுச் சொச்சம் கிராம் காய் பத்தடி தூரத்திலிருந்து வந்து கண்ணுக்குக் கீழே பட்டால் ஒன்பது நாள் கறுத்திருக்கும், ஒன்பது நாளும் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று ஆபீசில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை அலமாரி, எத்தனை கதவு... உங்க வீட்ல கதவெல்லாம் கழட்டிப் போட்டுடுங்க மேடம் என்று பக்கத்து சீட்டுக்காரி சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். காய்கறிக்கடைக்காரர் தராசுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்கம்மா, உங்க வீட்ல பல்லு இருக்கறவங்களே கிடையாதா, எப்பவும் குழைஞ்சதையே எடுக்குறீங்க" என்றார். இருபது வருஷமாக அதே கிண்டல். அவர் நல்லவர், கடைசியில் ஒரு கொத்து மல்லித்தழையைச் சும்மா போடுகிறவர். அவள் கூடையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் திரும்பக் கொட்டினாள். கெட்டியானதாக, பளபளவென்று, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், கடைக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

கைக்குத் தெரியும், அதுதான் சங்கதி. தபால் ஆபீசில் பார்சல் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்த கை. தராசில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள், ஐந்து கிராம் முன்னே பின்னே இருக்கும், புதிதாக மாற்றலாகி வருகிற மேலாளர்களை இதை வைத்துத்தான் அசத்துவார்கள், மேடத்துக்குத் தராசே தேவையில்ல சார். அதே கைதான் வீட்டுக்கு வந்து எதை எறிந்தால் எங்கே எவ்வளவு வீங்கும் என்ற பாடத்தையும் படித்தது. அவர் கணக்கு வாத்தியார். வகுப்பில் தூங்குகிறவன்மேல் சாக்பீஸ் எறிவார், கடைசி பெஞ்சுவரைக்கும் போகும், குறி தப்பாது. அவர் செத்ததற்கு வந்த பழைய மாணவர்கள், வழுக்கை விழுந்தவர்களும் தொந்தி போட்டவர்களும், அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், சார் எறிஞ்சா நேரா நெத்திப்பொட்டுதான்மா என்று ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், அவளும் சிரித்தாள், நெற்றிப்பொட்டைத் தடவிக்கொண்டே சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ், வீட்டில் கைக்குக் கிடைத்தது எதுவோ அது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனுஷன் கை நீட்டியதில்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "நான் உன்மேல கை வெச்சிருக்கேனா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லு பாப்போம்" என்று கேட்பார், அவள் கன்னத்தில் ஐஸ்கட்டியை அழுத்திக்கொண்டு யோசித்துப் பார்ப்பாள், உண்மைதான், வைத்ததில்லை. வந்து பட்டதெல்லாம் உருளைக்கிழங்கு, சோப்புக்கட்டி, செருப்பு, எடைக்கு எடை பார்த்தால் ஒரு சின்ன மளிகைக்கடையே வைக்கலாம்.

அதனால் கடைக்கு வருவது என்பது மற்றவர்களுக்குச் சாமான் வாங்குவது, இவளுக்கு ஆயுதம் வாங்குவது. தன்மேல் படப்போகிறதைத் தானே கை வலிக்கத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வரிசையாக அடுக்கி வைப்பது... எந்தப் பட்டாளத்திலாவது இந்த வேலை உண்டா? உருளைக்கிழங்கு எலுமிச்சை அளவுக்குமேல் எடுக்கமாட்டாள். முட்டைக்கோஸ் பாதியாக வெட்டித் தரச் சொல்வாள். பூசணிக்காயை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கண்ணாடிப் பாட்டில் வீட்டுக்குள் வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, கடைசியாக வந்தது ஜாம் பாட்டில், தலைக்கு மேலே போய்ச் சுவரில் வெடித்து, மேஜையில் உட்கார்ந்திருந்த நான்கு வயதுப் பிள்ளையின் தலைமுடியிலிருந்து சில்லு சில்லாக அவள்தான் பொறுக்கினாள், பிள்ளை ஆடாமல் அசையாமல் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஜாம் எது ரத்தம் எது என்று தெரியவில்லை, நக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு எல்லாம் பிளாஸ்டிக், எண்ணெய் பாக்கெட், தேன் பிளாஸ்டிக் புட்டியில். ஏன் என்று யாராவது கேட்டால் கண்ணாடி கீழே விழுந்தால் உடையும் என்பாள். யார் கேட்டாலும் அதே பதில், கடையில் எடுத்துக்கொடுக்கிற பெண் கேட்டாலும், அவருடைய தங்கை கேட்டாலும். போன மாதம் ஹாலில் மாட்டியிருக்கிற அவர் போட்டோவைப் பார்த்து ஒரு வெங்காயத்தை எறிந்தாள். மனதில் இருந்த வேகத்துக்கு அந்த முகம் கூழாகியிருக்க வேண்டும், மூக்கு உள்ளே போய்ப் பல் தெறித்து விழுந்திருக்க வேண்டும், வெங்காயம் டீவி ஸ்டாண்டில் பட்டு உருண்டது. இரண்டாவதும் தப்பியது, மூன்றாவதும். நான்காவது எலுமிச்சம்பழம், அதுதான் கண்ணாடியைக் கீறியது. வாழ்நாளில் முதல் தடவையாக எறிகிறாள், குறி எங்கிருந்து வரும்... முதல் தடவைதானா? ஆமாம், முதல் தடவைதான், வேறென்ன. இப்போது ஒன்றே கால் கிலோ தேறும் ஒரு குட்டிப் பூசணியை எடுத்துத் தராசில் வைத்தாள்.

"முழுசா எதுக்கு அத்தை, கீத்தா வாங்கிக்கலாமே" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது, மருமகள் வந்துவிட்டாள். சனிக்கிழமை தோறும் இருவரும் சேர்ந்துதான் வாங்குவது, முதலில் இந்தக் காய்கறிக்கடை, பிறகு தெருமுனை சூப்பர் மார்க்கெட், முடிந்ததும் மகன் காரை எடுத்துக்கொண்டு வந்து இருவரையும் ஏற்றிக்கொள்வான். நாளைக்கு மதியம் அவர்கள் இவள் வீட்டில் சாப்பிடுகிறார்கள், அதற்குத்தான் பூசணி. நல்ல பெண். மூக்குக்கண்ணாடிக் கடையில் அளவு பார்த்து ஃபிரேம் பொருத்துகிற வேலை, விரல்கள் ஒல்லியாக, எதையும் பதனமாகத் தொடும். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் ஒரு முறை முகம் சுளித்துப் பார்த்ததில்லை, ஆனால் இந்தக் கீற்றுப் பேச்சு மட்டும் பிடிக்கவில்லை. சிக்கனம் வேண்டியதுதான், அதற்காக ஒரு பூசணிக்காய்க்கா? மூன்று மாதத்தில் இரண்டு ஃபிரேம் மாற்றத் தெரிகிறது, முன்பு போட்டிருந்த தங்கநிறக் கம்பி ஃபிரேம் எடுப்பாக இருந்தது, இப்போது ரப்பர் மாதிரி வளைகிற ஏதோ ஒன்று, கடையில சலுகை விலைக்குக் குடுக்குறாங்கன்னா தினம் ஒண்ணு மாத்துவியா என்று இவள்கூடக் கேலி செய்தாள், பெண் சிரித்தாள். மருமகள் தன் கூடையை எடுத்துக்கொண்டு தக்காளிக் குவியலிடம் போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார், பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், "நீங்க மாறிட்டீங்கன்னு நெனச்சேன், உங்க மருமக அப்படியே உங்களை மாதிரிதாங்கம்மா." மருமகளின் கூடையில் இருந்த தக்காளி எல்லாம் நன்றாகப் பழுத்து, காம்புப் பக்கம் வெடித்துக்கூட இருந்தது. இந்தக் காலத்துப் பெண்களுக்குக் காய் பார்த்து வாங்கவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் பையை எடுத்தாள்.

சூப்பர் மார்க்கெட்டுக்குள் எப்போதும் போலக் குளிர், எப்போதும் போலத் தலைக்கு மேலே யாரோ ஒருத்தி தள்ளுபடி விவரங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கீச்சிட்டது. மருமகள் தள்ள, இவள் பக்கத்தில் நடந்தாள், பருப்பு, சர்க்கரை, சோப்பு... டப்பாக்கள் அடுக்கிய வரிசை வந்தபோது வழக்கம் போலத் தாண்டி அடுத்ததில் திரும்பினாள். பால்பவுடர் டப்பா இருக்கிற வரிசை. அந்த டப்பா இவளுக்கு ஆகாது, ஏன் என்று யோசித்ததில்லை, வாசனை பிடிக்காது என்று வைத்துக்கொள்ளலாம், அவர் எறிந்தவற்றின் பட்டியலில்கூட அது கிடையாது, மனுஷன் காப்பிக்குப் பசும்பால்தான் கேட்பார். போகட்டும். இன்றைக்கு வந்தது வேறு காரியத்துக்கு, தேன், கண்ணாடிப் பாட்டிலில், அரைக்கிலோ. அதை மேஜை நடுவில் வைக்க வேண்டும், வெயில் பட்டு உள்ளே மஞ்சளாக ஒளி நிற்க வேண்டும், யார் கைக்கும் எட்டும் தூரத்தில் அது பாட்டுக்கு இருக்க வேண்டும், எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிற காரியம் அது ஒன்றுதான். எடுத்தாள். கை உடனே சொன்னது, பாட்டிலோடு சேர்த்து எழுநூற்று எண்பது. மண்டையில் பட்டால் ஆள் காலி... சீ, என்ன நினைப்பு. இரண்டாவதாக ஒன்றையும் எடுத்து, இது உனக்கு என்று வண்டிக்குள் வைத்தாள். மருமகள் தள்ளுவதை நிறுத்தினாள். அந்தப் பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, லேசாக ஒரு முறை தூக்கிப் பார்த்தாள், மறுபடியும் ஒரு முறை, பிறகு இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் புட்டியை எடுத்துக்கொண்டாள். எல்லாம் ஒரு வினாடியில் முடிந்துவிட்டது, வேறு யாராக இருந்தாலும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"ஏன்மா, அதே தேன்தானே" என்றாள் இவள். "கண்ணாடி வேணாம் அத்தை, கீழ விழுந்தா உடையும்." பெண் அதைச் சொன்ன விதம்... அவசரமில்லாமல், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல், நூறு தடவை சொல்லித் தேய்ந்துபோன வாக்கியத்தைச் சொல்கிற விதம். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மருமகளின் காய்கறிப் பையில் எலுமிச்சை அளவில் உருளைக்கிழங்கு. பாதி முட்டைக்கோஸ். எண்ணெய் பாக்கெட். சோப்பு, கட்டியாக இல்லை, திரவமாக, மெல்லிய பையில். வெடித்த தக்காளி. தன் வண்டிதான் இது, முப்பத்து நான்கு வருஷம் தள்ளிய வண்டி, வேறொருத்தி தள்ளிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு ஃபிரேம்... தங்கநிறக் கம்பி எங்கே போயிற்று, அதை எது வளைத்தது, வளைந்த கம்பி எங்கே குத்தியது? புருவத்துக்கு மேலே தடிப்பாகப் பூசியிருக்கிற பவுடர் எதை மறைக்கிறது? கேட்க வேண்டும், கேள், வாயைத் திற. "அவன்... உன்மேல கை நீட்டுறானா?" என்று கேட்டேவிட்டாள், தலைக்கு மேலே அந்த ஒருத்தி பிஸ்கட்டுக்குத் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகள் தேன் புட்டியின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தாள். "சேச்சே, இல்ல அத்தை. அவர் கை நீட்டினதே இல்ல" என்றாள். பொய் இல்லை, ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அது இவளுக்குத் தெரியாதா?

தெரியாதா... அந்த வாக்கியத்தை அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தவளே இவள்தானே. நிச்சயம் செய்த அன்று சம்பந்தி, லாரி ஓட்டிப் பிழைத்த மனுஷன், பெரிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிசைந்துகொண்டு இவளைத் தனியாகக் கூப்பிட்டார், ஒரே பொண்ணுங்க, பையனுக்குக் கோபம் கீபம் வருமா, கேட்டுட்டேன்னு தப்பா நினைக்காதீங்க. இவள் எவ்வளவு நிமிர்ந்து பதில் சொன்னாள். "எங்க வீட்ல கை நீட்டுற வழக்கமே இல்லைங்க. அவங்க அப்பா இத்தனை வருஷத்துல என்மேல ஒரு தடவை கை வெச்சதில்ல." அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது, கும்பிட்டார். அந்தக் கும்பிட்ட கையை வெட்ட வேண்டும், இல்லை, அது என்ன செய்யும் பாவம், இந்த நாக்கை, இந்த நாக்கைத்தான் இழுத்து வைத்து அறுக்க வேண்டும். அதற்கு முன்னால் அவனை. பெற்ற பிள்ளையை. வரட்டும், அவன் மூஞ்சியை இந்தத் தள்ளுவண்டிக் கம்பியில் வைத்துத் தேய்க்க வேண்டும், எறிகிற அந்த வலதுகையை முட்டிக்கு முட்டி உடைத்து, விரல் விரலாக, இது உருளைக்கிழங்குக்கு, இது கண்ணாடிக்கு, இது அந்தக் கம்பிக்கு... அவள் கை தானாக அலமாரியைத் தடவிக்கொண்டே போயிற்று, ஜாம் பாட்டில் ஆறுநூற்று ஐம்பது, ஊறுகாய் பாட்டில் ஐந்நூற்று இருபது, இது மூக்கெலும்புக்குப் போதும், இது பல்லுக்கு. எத்தனை சுலபம். இத்தனை வருஷம் அந்த மனுஷனுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா, இந்த இனிப்பு? நாக்கின் அடியில் ஊறுகிறதே, இதுவா? எதிரே வந்த ஒரு பெரியவர் வழி கேட்டார், இவள் ஒதுங்கி நின்று, மன்னிச்சுக்குங்க என்றாள்.

எங்கே கற்றான்? அப்பாவைப் பார்த்து, வேறெங்கே. ஆனாலும் அவன் அப்படி வளரவில்லையே, சாதுப் பிள்ளை, ஈ எறும்பை மிதிக்கமாட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லும். ஒரே ஒரு நாள், ஏழு வயது இருக்கும், வீட்டில் அவனும் இவளும் மட்டும், அவர் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இவள் சமையலறையில் பாலுக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள், பிள்ளை வாசலில் நின்றுகொண்டு, அம்மா இங்க பாரு, அப்பா மாதிரி, என்று ஒரு ஆரஞ்சுப் பழத்தை எறிந்தான். வாயில் பட்டது, உதடு கிழிந்தது. நூற்று எழுபது கிராம். இவள் சிரித்தாள், சிரித்துவிட்டால் எதுவும் அத்தோடு முடிந்துவிடும் என்று அந்த வீட்டில் அவள் பழகியிருந்தாள், பிள்ளைக்கு அது பாராட்டாகப் பட்டது போல, குதித்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தான்... அதற்கு அப்புறம் அன்று சாயங்காலம்தான் அவன் படியில் விழுந்தான். புருவத்துக்கு மேலே நான்கு தையல். படியில் விழுந்துட்டான் டாக்டர், விளையாடிக்கிட்டே இருந்தான், படியில் விழுந்துட்டான். அவர் வந்து பார்த்து, புள்ளையைப் பாத்துக்கக்கூடத் துப்பில்லை என்று அன்றைக்கு ஒரு சோப்புப்பெட்டியை எறிந்தார், இவள் அதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை, வாங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பைச் சிரிக்காமல் இருந்திருந்தால்? ஒரு அறை விட்டுத் தப்பு என்று சொல்லியிருந்தால்? பில் போடுகிற பெண், பை வேணுமா மேடம் என்று இரண்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு பையாகப் பிரித்துக் கட்டச் சொன்னாள், மருமகளுடையது தனி, தன்னுடையது தனி. கடைசியில் தேன் பாட்டில் வந்தது. மருமகள் அதைப் பார்த்தாள், பிறகு வாசல் பக்கம் பார்த்தாள், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் மகனுடைய கார் வந்து நின்றுவிட்டது. "அத்தை, இது உங்க வீட்டுக்குத்தானே?" என்றாள் மெதுவாக. "எங்க பையில வெச்சிடாதீங்க." அவ்வளவுதான் சொன்னாள். முகத்தில் அழுகை இல்லை, புகார் இல்லை, பையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிற சாதாரண முகம். நீ இன்னைக்கு என்கூட வந்துடு, அவன் வீட்டுக்குப் போகாதே, என்று சொல்ல வேண்டும், சொல்லத்தான் போகிறாள், இதோ வாசல் தாண்டியதும். தேன் பாட்டிலை எந்தப் பையிலும் போடவில்லை. கழுத்தைப் பிடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். கதவு தானாகத் திறந்தது, வெளியே வெயில் முகத்தில் அடித்தது.

மகன் காரிலிருந்து இறங்கி, சாவியைச் சுண்டிப் பிடித்துக்கொண்டே வந்தான். முப்பது வயது, அப்பாவின் உயரம், இவளுடைய மூக்கு. முதலில் மனைவியின் பையை வாங்கிக்கொண்டான், கனமா இருக்கா என்று கேட்டான், பாசமாகத்தான் கேட்டான். பைக்குள் கைவிட்டு ஒரு தக்காளியை எடுத்துப் பார்த்து, "இதையா பொறுக்கிக் காசு குடுத்து வாங்குன, குழம்புக்கா கூழுக்கா" என்று அதை அவள் பக்கம் தூக்கிப் போட்டான், சும்மா, விளையாட்டுக்கு, நாலடி தூரத்திலிருந்து. மருமகள் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வலது தோளைக் காதுவரை உயர்த்தினாள், தக்காளி தோளில் பட்டு உடைந்து வழிந்தது, பிறகு கண்ணைத் திறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு. ஏ மக்கு, கேட்ச் புடிக்கத் தெரியல என்று அவனும் சிரித்துக்கொண்டு இவள் பக்கம் திரும்பினான், "குடும்மா, அந்தப் பாட்டிலைக் குடு, உடைச்சிடப் போற." ஐந்தடி. எழுநூற்று எண்பது கிராம். இவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், கைதான் போயிற்று. எப்போது தோளுக்கு மேலே போனது என்று தெரியவில்லை, பாட்டில் வெயிலில் மஞ்சளாக மின்னுவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

மகன் கண்ணை மூடிக்கொண்டான். முப்பது வயது ஆண்பிள்ளை, தெருவில் நாலு பேர் போகிற இடத்தில், கண்ணை இறுக மூடி, வலது தோளைக் காதுவரை உயர்த்திக்கொண்டு நின்றான். எறிகிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியுமா... இத்தனை வருஷம் தான் மூடிக்கொண்ட கண்ணை அவள் இப்போதுதான் வெளியிலிருந்து பார்க்கிறாள். ஆனால் இவனுக்கு இந்தத் தோளை யார் பழக்கினார்கள்? அவர் பிள்ளைமேல் எறிந்ததே இல்லையே, அந்த ஒரு விஷயத்தில் மனுஷன் சுத்தம், ஜாம் பாட்டில்கூட இவளுக்கு எறிந்ததுதான். இறுக்கியதில் மகனுடைய புருவத்துக்கு மேலே அந்தப் பழைய தழும்பு வெளுத்துத் தெரிந்தது, நான்கு தையல், படியில் விழுந்தது, விளையாடிக்கொண்டே இருந்தான், படியில்... எந்தப் படி? அப்போது குடியிருந்தது தரைத்தளம். வாசலில் படியே கிடையாது, சமையலறை வாசலில் அரை அடி உயரத்தில் ஒரு மரச்சட்டம், அவ்வளவுதான். அன்றைக்குப் பால் திரிந்துவிட்டது, அதனால்தான் அடுப்பில் வெந்நீர், அதனால்தான் மேடையில் அந்த டப்பா, உதட்டிலிருந்து ரத்தம் மோவாயில் இறங்கிக்கொண்டிருந்தது, பிள்ளை இரண்டாவது ஆரஞ்சைத் தூக்கிக்கொண்டு சிரித்தான், அப்பா மாதிரியே சிரித்தான்... மனம் வழக்கம் போல அங்கேயே நின்றது. கை நிற்கவில்லை. கை நிதானமாகச் சொன்னது, பால்பவுடர், பாதி காலியான டப்பா, மூடி இறுக்கியது, முந்நூற்றுப் பத்து.

"என்னம்மா, பயமுறுத்திட்ட" என்று மகன் கண்ணைத் திறந்து சிரித்தான். மருமகளும், தோளில் வழிந்த தக்காளியை வழித்துக்கொண்டே, சிரித்தாள். இருவரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவளும் சிரித்துவிட்டால் காரில் ஏறிவிடலாம் என்பதுபோல. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு, முதல் எறிக்கே குறி சரியாக இருந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது. கை இன்னும் தோளுக்கு மேலேயேதான் இருந்தது, அதை எப்படிக் கீழே இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.